தொழில்முறை வளைதடிப் பந்தாட்டத் தொடர்களில் தமிழக அணிகள்

இந்தியாவில் நடத்தப்பட்ட தொழில்முறை வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) லீக் தொடர்களில் தமிழ்நாட்டின் சார்பில் மூன்று அணிகள் ஆடியுள்ளன. அவை பிரீமியர் ஹாக்கி லீக்கில் (2005–2008) ஆடிய சென்னை வீரன்ஸ், வேர்ல்டு சீரீஸ் ஹாக்கியில் (2012) ஆடிய சென்னை சீட்டாஸ், மறுபடியும் தொடங்கப்பட்ட இந்திய ஹாக்கி லீக்கில் 2024 டிசம்பர் முதல் ஆடிவரும் தமிழ்நாடு டிராகன்ஸ் ஆகியனவாகும். மூன்றும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை என்றாலும் இவற்றுக்கிடையே தொடர்ச்சி ஏதும் இல்லை. பெயர், உரிமையாளர், நடத்திய அமைப்பு என எல்லாமே வேறு. முதல் இரண்டு அணிகளும் களத்தில் தோற்றதனால் மறையவில்லை. அவை ஆடிய தொடர்கள் நின்றுபோனதால் மறைந்தன. மூன்றாவது அணி இரண்டாம் பருவத்திலேயே புதிய உரிமையாளரிடம் சென்றது.

இக்கட்டுரை ஆடவர் அணிகளைப் பற்றியது. 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட மகளிர் லீக்கின் முதல் இரு பருவங்களிலும் தமிழக அணி எதுவும் இடம்பெறவில்லை.

சொல் விளக்கம்

தமிழில் வளைதடிப் பந்தாட்டம், வளைகோற் பந்தாட்டம் என வழங்குவது புல்வெளியிலோ செயற்கைத் தரையிலோ அணிக்குப் பதினொருவர் ஆடும் விளையாட்டாகும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 'ஹாக்கி' என்று மட்டும் சொன்னால் அது பனித்தரை ஹாக்கியையே குறிக்கும்.

லீக் தொடரில் ஆடும் அணி பெரும்பாலும் 'அணி உரிமம்' என்னும் ஒப்பந்தத்தின் பேரில் இயங்குகின்றது. தொடரை நடத்தும் அமைப்பு ஒரு நகரத்தின் அல்லது மாநிலத்தின் பெயரில் அணி நடத்தும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு வழங்குகின்றது. அந்நிறுவனம் உரிமக் கட்டணம் செலுத்தி, ஏலத்தில் வீரர்களை எடுத்து, பயிற்றுநரை அமர்த்தி அணியை நடத்துகின்றது. மன்றம் (கிளப்) என்பது உறுப்பினர்களால் ஆனது. உரிமம் பெற்ற அணி என்பது ஒரு காலவரையறைக்கு உட்பட்ட ஒப்பந்தம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

பின்னணி

சென்னையில் வளைதடிப் பந்தாட்டம் நூற்றாண்டு கடந்த மரபுடையது. தற்போது எம்.சி.சி.–முருகப்பா தங்கக் கோப்பை என அழைக்கப்படும் போட்டி 1901ஆம் ஆண்டு தொடங்கியதாகும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் சென்னையைச் சேர்ந்தவர். எழும்பூரில் உள்ள மேயர் இராதாகிருட்டிணன் விளையாட்டரங்கில் 1996, 2005 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகளும், 2007இல் ஆசியக் கோப்பைப் போட்டியும் நடைபெற்றன. அந்த ஆசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 7–2 என்ற கணக்கில் வென்றது.

இத்தனை இருந்தும், ஒரு வீரர் இவ்விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள ஒரே வழிதான் இருந்தது. இரயில்வே, வங்கி, காவல்துறை, பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றுள் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து அந்நிறுவனத்தின் அணிக்கு ஆடுவதே அது. ஊதியம் வேலைக்கு உரியது, ஆட்டத்துக்கு உரியதன்று. லீக் தொடர்கள் மாற்ற முனைந்தது இந்நிலையைத்தான்.

சென்னை வீரன்ஸ் (2005–2008)

பிரீமியர் ஹாக்கி லீக்கை இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு இ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியுடன் இணைந்து 2005 ஜனவரியில் ஐதராபாத்தில் தொடங்கியது. துடுப்பாட்டத்தின் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியது 2008இல்தான்; நகரப் பெயர் தாங்கிய அணிகளைத் தொலைக்காட்சிக்காக உருவாக்குவதில் வளைதடிப் பந்தாட்டம் அதற்கு மூன்றாண்டுகள் முந்தியது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தியாகும். அந்நாளில் ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்பட்டது. இத்தொடரில் அதே 70 நிமிடங்கள் பதினேழரை நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டன. இடைவேளை கூடினால் விளம்பரமும் கூடும் என்பது ஒரு காரணம். பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பே 2014இல் நான்கு கால்பகுதி முறைக்கு மாறியது.

தொடக்கத்தில் இத்தொடர் இரு பிரிவுகளாக நடந்தது. சென்னை வீரன்ஸ், ஐதராபாத் சுல்தான்ஸ், மராத்தா வாரியர்ஸ், ஷேர்-இ-ஜலந்தர் ஆகியவற்றுடன் பெங்களூரு அணியும் முதல் பிரிவில் இருந்தது. கீழ்ப்பிரிவில் சிறந்து ஆடும் அணி மேலே ஏறவும், மேற்பிரிவில் கடைசியில் வரும் அணி கீழே இறங்கவும் விதி இருந்தது. இந்திய லீக்குகளில் அரிதான இந்த ஏற்ற இறக்க முறை, பின்னர் வந்த ஹாக்கித் தொடர்கள் எதிலும் பின்பற்றப்படவில்லை. முதல் பருவத்தில் ஐதராபாத் சுல்தான்ஸ் வாகை சூடியது. சென்னை வீரன்ஸ் அணிக்கு ஆடியவர்களுள் கோயம்புத்தூரைச் சேர்ந்தவரும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவருமான ஆடம் சின்கிளேர் குறிப்பிடத்தக்கவர்.

2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோ நகரில் பிரித்தானியாவிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியது. அடுத்த மாதமே கூட்டமைப்பின் செயலாளர் மீது தொலைக்காட்சி ஒன்று கையூட்டுக் குற்றச்சாட்டை வெளிப்படுத்த, இந்திய ஒலிம்பிக் சங்கம் அக்கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. நடத்தும் அமைப்பே முடங்கிய பின் லீக் தொடரவில்லை. சென்னை வீரன்ஸ் அணியை யாரும் கலைக்கவில்லை. அதற்கு அடுத்த ஆட்டம் வரவில்லை, அவ்வளவே.

சென்னை சீட்டாஸ் (2012)

2009இல் 'ஹாக்கி இந்தியா' என்ற புதிய அமைப்பு தோன்றியது. பன்னாட்டுக் கூட்டமைப்பு இதனை ஏற்றுக்கொண்டது. பழைய கூட்டமைப்போ தன் உரிமையை விட்டுக்கொடுக்காமல், நிம்பஸ் ஸ்போர்ட் நிறுவனத்துடன் சேர்ந்து வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி என்னும் தொடரை 2012 பெப்ரவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை நடத்தியது. எட்டு அணிகள், 59 ஆட்டங்கள். சென்னை சீட்டாஸ் அவற்றுள் ஒன்று. 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆத்திரேலிய அணியின் பிரெண்ட் லிவர்மோர் இவ்வணிக்கு ஆடினார்.

இத்தொடரின் சிறப்பு, ஒவ்வோர் அணியும் தன் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடியதாகும். ஆகவே சென்னை சீட்டாஸ் எழும்பூர் அரங்கில் சென்னைப் பார்வையாளர் முன்னிலையில் ஆடிற்று. அணி அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை. மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் ஷேர்-இ-பஞ்சாப் 5–2 எனப் புனே ஸ்ட்ரைக்கர்ஸை வென்றது.

பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஒப்புதல் இத்தொடருக்கு இல்லை. இதில் ஆடினால் நாட்டு அணியில் இடம் கிடைக்காது என்ற அச்சம் இந்திய வீரர்களுக்கு இருந்தது. பாக்கிசுத்தானில் சில வீரர்கள் மீது நடவடிக்கையே எடுக்கப்பட்டது. இரு அமைப்புகளின் பூசலுக்கிடையே ஊதியத்தையா, நாட்டு அணியையா என்று வீரர்தாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2012 இறுதியில் திட்டமிடப்பட்ட இரண்டாம் பருவம் ஒத்திவைக்கப்பட்டு, பின் நடக்கவேயில்லை. சென்னை சீட்டாஸ் அணியின் ஆயுள் ஐந்து வாரங்கள்.

தமிழக அணி இல்லாத லீக் (2013–2017)

ஹாக்கி இந்தியா தன் சொந்தத் தொடரான இந்திய ஹாக்கி லீக்கை 2013 ஜனவரியில் தொடங்கியது. தில்லி, மும்பை, பஞ்சாப், ராஞ்சி, உத்தரப் பிரதேசம் என ஐந்து அணிகள். 2014இல் ஒடிசாவின் கலிங்கா லான்சர்ஸ் ஆறாவதாகச் சேர்ந்தது. ஐந்து பருவங்களிலும் தென்னிந்திய அணி ஒன்றுகூட இல்லை. தமிழக வீரர் எவரேனும் ஆட விரும்பினால் வடநாட்டு அணி ஒன்றுதான் அவரை ஏலத்தில் எடுக்க வேண்டும்.

இக்காலத்தில் இரு அணிகளுக்கு நேர்ந்தவை, ஓர் அணியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது எது என்பதைக் காட்டுகின்றன. 2013இல் முதல் வாகையாளராகிய ராஞ்சி ரைனோஸ் அணி, அதன் உரிமையாளர்களுக்கும் ஹாக்கி இந்தியாவுக்கும் இடையிலான பிணக்கால் 2014 பருவத்துக்குப் பின் இல்லாமற் போயிற்று. சகாரா நிறுவனமும் துடுப்பாட்ட வீரர் மகேந்திர சிங் தோனியும் உரிமையாளர்களாக அமைந்த ராஞ்சி ரேய்ஸ் என்ற புதிய அணி அதன் இடத்துக்கு வந்து, 2015இல் கோப்பையையும் வென்றது. மாறாக, தொடக்க ஆண்டுகளில் தடுமாறிய மும்பை மேஜிசியன்ஸ் அணியின் இடம் 2015இல் தபாங் மும்பை என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது. வென்ற அணியும் நிலைக்கவில்லை, தோற்ற அணியும் நிலைக்கவில்லை.

கலிங்கா லான்சர்ஸ் மட்டும் விதிவிலக்கு எனலாம். மகாநதி நிலக்கரி நிறுவனம், ஒடிசா அரசின் தொழிற்கட்டமைப்புக் கழகம் ஆகிய இரு பொதுத்துறை அமைப்புகள் அவ்வணியை நடத்தின. 2017இல் அது கோப்பையை வென்றது. அத்துடன் லீக் நின்றது. 2018 பருவம் நடத்தப்படவில்லை. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024இல் லீக் மீண்டபோது உரிமையாளர் வேதாந்தா நிறுவனமாக மாறியிருந்தார். ஆயினும் பழைய தொடரிலிருந்து புதிய தொடருக்கு அணிப் பெயர் மாறாமல் வந்தது இஃதொன்றே.

அந்த ஏழாண்டு இடைவெளி சிறிதன்று. 2017இல் பதினெட்டு வயதான ஒரு வீரர் லீக் திரும்பியபோது இருபத்தைந்தைத் தொட்டிருப்பார். அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி, கோவில்பட்டியைச் சேர்ந்த சக்திவேல் மாரீசுவரன் ஆகிய இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதன்முறை ஆடியபோது நாட்டில் தொழில்முறை லீக் எதுவும் இல்லை.

தமிழ்நாடு டிராகன்ஸ் (2024 முதல்)

2005இல் ஐதராபாத் சுல்தான்ஸ் அணியின் தலைவராக ஆடிய திலீப் திர்க்கி, 2022இல் ஹாக்கி இந்தியாவின் தலைவரானார். அவரது காலத்தில், 2024 அக்டோபரில், ஆடவர் பிரிவில் எட்டு அணிகளுடன் லீக் மீண்டும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு, ஐதராபாத், விசாகப்பட்டினம் என மூன்று தென்னிந்திய அணிகள் இதில் இடம்பெற்றன. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் உரிமத்தைச் சார்லஸ் குழுமம் பெற்றது. ஓர் அணியில் 24 வீரர்கள், அவர்களுள் இளையோர் நால்வர் உட்பட 16 பேரேனும் இந்தியர், வெளிநாட்டார் எண்மர். ஏலத்தில் செலவிடத்தக்க தொகை அணிக்கு 4 கோடி உரூபாய் என வரையறுக்கப்பட்டது.

பெனால்டி கார்னர் வாய்ப்புகளைக் கோலாக்குவதில் பெயர் பெற்ற நெதர்லாந்தின் யிப் யான்சன் 54 இலட்சத்துக்கும், இந்தியத் தற்காப்பாளர் அமித் ரோகிதாஸ் 48 இலட்சத்துக்கும் எடுக்கப்பட்டனர். அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் கோல் காத்தார். செல்வம் கார்த்தியும் அணியில் இருந்தார். ரெய்ன் வான் எய்க் பயிற்றுநர். 2024 டிசம்பர் 28 முதல் 2025 பெப்ரவரி 1 வரை நடந்த முதல் பருவத்தில் அணி முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது. அரையிறுதியில் பின்னாளில் கோப்பையை வென்ற ஷ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ் அணியிடம் பெனால்டி சூட் அவுட் முறையில் தோற்றது.

புதிய அணிக்கு இது நல்ல தொடக்கமே. ஆனால் அப்பருவத்தின் ஆடவர் ஆட்டங்கள் ஒடிசாவின் ரூர்கேலாவில் உள்ள பிர்சா முண்டா அரங்கை மையமாகக் கொண்டு நடத்தப்பட்டன; எஞ்சியவை ராஞ்சியில் நடந்தன. தமிழ்நாட்டின் பெயரில் ஆடிய அணி தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் அக்கார்டு குழுமம் அணியை ஏற்க, பெயர் அக்கார்டு தமிழ்நாடு டிராகன்ஸ் என்றானது. 2026 ஜனவரி 3 அன்று தொடங்கிய அப்பருவம் சென்னை, ராஞ்சி, புவனேசுவரம் ஆகிய மூன்று நகரங்களுக்குப் பகிரப்பட்டது. சென்னை சீட்டாஸ் காலத்துக்குப் பின் தமிழக அணி ஒன்று எழும்பூரில் லீக் ஆட்டம் ஆடுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

அணிகளின் விலகல்

விரிவாக்கத்தின் மறுபக்கம் இரண்டாம் பருவத்துக்கு முன்பே தெரிந்தது. 2025இல் யது ஸ்போர்ட்ஸ் நிறுவனம் நிதி நிலைப்பாட்டைக் காரணம் காட்டி உ.பி. ருத்ராஸ் அணியிலிருந்து விலகியது. ஏலத்தில் எடுக்கப்பட்ட வீரர்கள் நடுத்தெருவில் நிற்காதிருக்க, லீக்கின் ஆட்சிக்குழுவே அணியை ஏற்று எச்.ஐ.எல். ஜி.சி. என்ற பெயரில் களமிறக்கியது. ஆட்சிக்குழுவின் பெயரையே தாங்கிய, ஊர்ப்பெயர் அற்ற அணி இது. விசாகப்பட்டினத்தின் டீம் கோனாசிகாவும் 2026 பருவத்தில் இல்லை. ராஞ்சி ராயல்ஸ் புதிதாக வந்தது. அணிகளின் எண்ணிக்கை எட்டாகவே நீடித்ததால் வெளியிலிருந்து பார்ப்போருக்கு எதுவும் மாறாதது போலத் தோன்றும்.

விலகலுக்கான காரணத்தை வரவு செலவில் காணலாம். உரிமக் கட்டணம், வீரர் ஊதியம், பயிற்றுநர் குழு, வெளிநாட்டு வீரர்களின் பயணம், ஒரு மாதத் தங்கல் ஆகியவை உறுதியான செலவுகள். வரவில் மைய விளம்பரதாரரிடமிருந்து வரும் பங்கும், சீருடை விளம்பரமும் முதன்மையானவை. முதல் பருவத்தில் பார்வையாளர்களுக்கு நுழைவு இலவசமாக்கப்பட்டது. அரங்கு நிறைவதற்கு இது நல்ல வழி. அணி உரிமையாளருக்கு அதனால் வருவாய் இல்லை. சொந்த ஊரில் ஆடாத அணிக்கு உள்ளூர் வணிகரின் விளம்பரமும் எளிதில் கிட்டாது. ஆக, உரிமையாளர் சில ஆண்டுகள் இழப்பைத் தாங்க முடிந்தவராகவோ, கலிங்காவைப் போல அரசின் துணை பெற்றவராகவோ இருந்தால்தான் அணி நிலைக்கின்றது. இந்திய நாட்டு அணிகளுக்கே 2018 முதல் ஒடிசா அரசுதான் புரவலர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பெருஞ்செல்வம் புழங்கும் இடத்திலும் இச்சிக்கல் உண்டு. வட அமெரிக்கப் பனித்தரை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்., 2017இல் லாஸ் வேகசையும் 2021இல் சியாட்டிலையும் புதிதாகச் சேர்த்தது. சியாட்டில் செலுத்திய நுழைவுக் கட்டணம் 65 கோடி டாலர். அதே காலத்தில் அரிசோனா கயோட்டீஸ் என்ற அணி சொந்த அரங்கு இன்றி, சுமார் ஐயாயிரம் பேர் அமரும் பல்கலைக்கழக அரங்கில் ஆடிவந்தது. புதிய அரங்குக்கான திட்டத்தை 2023 மே மாதம் டெம்பி நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தனர். 2024இல் அதன் வீரர்கள் அனைவரும் யூட்டா மாநிலத்தின் புதிய அணிக்கு மாற்றப்பட்டனர். அரங்கு இல்லாத அணி எங்கும் தவிக்கவே செய்கின்றது. வேறுபாடு ஒன்று: அங்கே விலகியவருக்கு விலை கிடைத்தது, வாங்குவோர் காத்திருந்தனர்.

தென் மாவட்டங்கள்

லீக் அணி சென்னையை மையமாகக் கொண்டதாயினும், தமிழகத்தில் வீரர்களை உருவாக்கும் ஊர்களுள் முதன்மையானது தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி ஆகும். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற இவ்வூரில் இலட்சுமி அம்மாள் நினைவு அனைத்திந்தியப் போட்டி நடத்தப்பட்டு வருகின்றது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளைதடிப் பந்தாட்டச் சிறப்பு விடுதியும் இங்குள்ளது. கார்த்தியும் மாரீசுவரனும் இங்குப் பயின்றவர்களே.

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரப் பகுதிக்குச் சென்னை அரங்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. டிராகன்ஸ் அணியின் முதல் பருவம் ரூர்கேலாவில் நடந்தபோது, பழைய பாம்பன் பாலம் மூடப்பட்டிருந்ததால் இராமேசுவரத்துக்கு இரயிலே ஓடவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. இப்பகுதியினர் அணியைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருக்க இயலும்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த இளையோர் உலகக் கோப்பை இந்தத் தொலைவைச் சற்றுக் குறைத்தது. 24 நாடுகள் ஆடிய இப்போட்டி சென்னையுடன் மதுரையிலும் நடத்தப்பட்டது. அதற்கென மதுரையில் புதிய அரங்கு கட்டப்பட்டது. இந்தியா அர்ஜென்டினாவை 4–2 என வென்று வெண்கலம் பெற்றது. மதுரை இராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். காலையில் பேருந்தில் கிளம்பி ஆட்டம் பார்த்து இரவுக்குள் திரும்பிவிடலாம்.

அரங்குகளைப் பெருக்குவதில் தண்ணீர் ஒரு தடையாகும். நீர்வகைச் செயற்கைத் தரையை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரால் நனைக்க வேண்டும். இல்லையேல் பந்தின் ஓட்டம் மாறும், விழுந்தால் தோலும் உரியும். வைகையின் கடைமடையாகிய இராமநாதபுரத்தில் குடிநீருக்கே குழாய்த் திட்டங்களை நம்பியிருக்கும் ஊர்கள் பல. 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காகச் சென்னையில் விரிக்கப்பட்டது குறைந்த நீரில் இயங்கும் புதுவகைத் தரை. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் பயன்பட்டதும் அதே வகைதான். இத்தகைய தரையின் விலை குறையுமானால், வறண்ட மாவட்டங்களிலும் பள்ளி மாணவர் செயற்கைத் தரையில் ஆடிப் பழக வாய்ப்பு ஏற்படும். மதுரை அரங்கு கட்டி முடிந்துவிட்டது. ஆனால் 2026 பருவத்தில் டிராகன்ஸ் அணிக்குத் தமிழ்நாட்டில் ஆட அமைந்த இடம் எழும்பூர் ஒன்றே.